ஏழாவது நிமிடத்தில் இடது எஞ்சின்

திருவண்ணாமலையில் படகு மெக்கானிக்காக வேலை பார்த்தேன் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஆட்டோ ஓட்டினேன், கல் உடைத்தேன், ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டேன் என்றால் தலையாட்டுகிறவர்கள், படகு என்றதும் என் முகத்தை ஒரு முறை பார்ப்பார்கள். கடல் எங்கே, நீங்கள் எங்கே என்பார்கள். மாவட்டத்தில் அணை இருக்கிறது, பெரிய ஏரிகள் இருக்கின்றன. மதகைப் பார்க்கப் போக, மழைக்காலத்தில் ஆட்களைக் கரை சேர்க்க எங்கள் துறையிடம் படகுகள் இருந்தன. படகு இருந்தால் எஞ்சின் இருக்கும். எஞ்சின் இருந்தால் அது கெட்டுப்போகும். அப்படி இருபத்தாறு வருடம் எனக்குச் சோறு கிடைத்தது.

போன மாதம் சரவணன் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். புதுப் படகு வந்திருக்கிறதாம். பின்னால் இரண்டு எஞ்சின், முன்னால் ஒரு திரை. ஒரு எஞ்சின் வேகம் குறைந்தால் கம்ப்யூட்டரே மற்றதையும் குறைத்துச் சமமாக்கிவிட்டு, என்ன கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டுகிறதாம். உங்கள் காலத்தில் ரெண்டும் ஏற்ற இறக்கமாக ஓடினால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஓய்வூதியர் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத வேண்டுமென்றால், அணையில் ஒரு நாள் காலையில் நடந்ததை எழுதியாக வேண்டும். அதை என் மனைவி வசந்தாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் குடும்பம் அடி அண்ணாமலையில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போட்ட குடும்பம். நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். கடற்கரை ஊர் ஒன்றின் படகுப் பட்டறையில் இரண்டு வருடம் பயிற்சி. முதல் மாதம் முழுக்க வாந்தி. பிறகு பழகிவிட்டது. பம்ப் செட், ஜெனரேட்டர், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் துறைக்கு வேங்கிக்காலில் ஒரு பட்டறை திறந்தபோது, சொந்த ஊர் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரட்டை எஞ்சின் படகைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் படகு நேராகப் போகும். இடது பக்கம் தளர்ந்தால் வலது பக்கம் தள்ளும். படகின் மூக்கு இடது பக்கம் திரும்பும். ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளிக்கலாம், ஆனால் கொஞ்ச தூரத்துக்குத்தான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் எதிரில் ஒரு ஆர்.பி.எம். மீட்டர் இருக்கும். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வலது முள் எப்போதும் அறுநூறு கம்மியாகக் காட்டியது. கார்புரேட்டரைக் கழற்றினேன், பிளக் மாற்றினேன், தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றி மாட்டினேன். மூன்று நாள் போனது. நாலாம் நாள், படகு ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். படகு கோடு போட்டதுபோல் நேராகப் போனது. எஞ்சின் இரண்டும் சமமாகவே ஓடிக்கொண்டிருந்தன. பொய் சொன்னது மீட்டர். பட்டறையில் ஒரு மாதம் என்னை வைத்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் முள்ளை நம்புவதில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமை பின்னால் என்ன செய்யும் என்று அப்போது தெரியாது.

என் கடைசி எட்டு வருடத்துக்கு மேலதிகாரியாக இருந்தவர் உதவிப் பொறியாளர் பானுமதி. வேலூர்க்காரர். என்னைவிடப் பதினாறு வயது சிறியவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு சுருள் நோட்டு எப்போதும் கையில் இருக்கும். ரிப்பேர் முடிந்து போய் நின்றால் மூன்று கேள்வி கேட்பார். என்ன பார்த்தீங்க, என்ன கேட்டீங்க, என்ன நினைக்கிறீங்க. முதல் இரண்டுக்குச் சொன்ன பதிலை எழுதிக்கொள்வார். மூன்றாவதைக் கவனமாகக் கேட்பார், ஆனால் எழுத மாட்டார். நினைப்பு நாளைக்கு மாறும், பார்த்தது மாறாது என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அனுபவத்தை இந்தப் பெண் நோட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறாரே என்று.

அவருடைய முறையும் அப்படித்தான். இரண்டு எஞ்சினில் ஒன்று சரியில்லை என்றால், பக்கத்திலேயே சரியான எஞ்சின் ஒன்று இருக்கிறது, அதுவே நமக்கு அளவுகோல் என்பார். இடது மீட்டரை வலது எஞ்சினுக்கு மாற்றிப் பூட்டு. கோளாறு கூடவே போனால் மீட்டர்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் பழையபடியே மாட்டிவிட்டு அடுத்த பொருளை மாற்று. விசிறி, பெட்ரோல் குழாய், பிளக். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால் அவர் முகம் சுருங்கும்.

நான் ஓய்வு பெற நாலு வருடம் இருந்தபோது, மழைக்காலத்துக்கு முந்தைய சோதனைக்கு அணைப் படகைத் தயார் செய்யச் சொன்னார்கள். படகு பல மாதம் கொட்டகையிலேயே கிடந்தது. ஓட்டுநர் தனசேகர் சொன்ன புகார் தெளிவாக இருந்தது. இடது எஞ்சின் வேகம் எடுக்கவில்லை, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. வலது ஐயாயிரம் காட்டினால் இடது நாலாயிரத்து நானூறு.

மேடம் முறைப்படியே போனேன். மீட்டரை மாற்றினேன், கோளாறு இடது எஞ்சினிலேயே நின்றது. விசிறியை மாற்றினேன், அப்போதும் அங்கேயே. பிறகு வேகம் கூட்டுகிற த்ராட்டில் கைப்பிடியை முழுக்கத் தள்ளிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இடது பக்கக் கேபிள் தேய்ந்து தொங்கியதில், கார்புரேட்டரின் வாய் முக்கால்வாசிதான் திறந்திருந்தது. புதுக் கேபிள் போட்டேன். கோளாறு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் இருக்கிறதே, அது ஒரு மெக்கானிக்கின் கண்ணை மூடிவிடும்.

ஓட்டிப் பார்க்கும் முன் வழக்கம்போல இரண்டு டேங்க் மூடியையும் திறந்து, குச்சி விட்டு பெட்ரோலை அளந்து, மூடினேன். தண்ணீரில் இறங்கி முழு வேகம். இரண்டு முள்ளும் ஐயாயிரத்தில் ஒட்டி நின்றன. இரண்டு எஞ்சின் கொஞ்சம் வித்தியாசமாகச் சுற்றினால், சத்தம் ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடுவதுபோல் வரும். அந்த ஆட்டம் இல்லை. ஒரே குரல். ஏழாவது நிமிடம் கரை நெருங்கியது. வேகத்தைக் குறைக்கக் கையை வைத்தேன். அந்த நேரம் இடது முள் ஒரு நூறு இறங்கி நடுங்கியது. காதிலும் லேசாக ஒரு ஆட்டம் கேட்டதுபோல் இருந்தது. அதற்குள் கை த்ராட்டிலை இழுத்துவிட்டது.

இன்னொரு சுற்று போயிருந்தால் தெரிந்திருக்கும். அன்று பௌர்ணமி. சாயங்காலத்துக்குள் ஊருக்குள் வரும் சாலைகளை அடைத்துவிடுவார்கள். கிரிவலத்துக்கு மைத்துனர் குடும்பம் வந்து வீட்டில் காத்திருந்தது. நான்கு மணிக்குக் கிளம்பாவிட்டால், சாலை அடைத்த இடத்திலிருந்து வேங்கிக்கால் வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். பழைய மீட்டர், ஈரம் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முள்ளை நம்பாதவன் அல்லவா நான்.

பானுமதி மேடம் போனில் கேட்டார். கேபிள் விஷயத்தைச் சொன்னேன். வேறு ஏதாவது பார்த்தீர்களா என்றார். இல்லை மேடம் என்றேன். படிவத்தில் நல்ல நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், விடவில்லை. சாப்பிடும்போது முள் நடுங்கியது கண்ணில் வரும். ஏன் உம்மென்று இருக்கிறீர்கள் என்று வசந்தா கேட்டாள். மழை என்றேன். அணையில் நீர் ஏறுகிறது, ஷட்டர் திறக்கப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று பட்டறைக்குப் போனால் அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தார். திரும்பி வரும்வரை காத்திருந்திருக்கலாம். வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தவன், அவர் வந்தபோது ஒரு ஜெனரேட்டருக்கு அடியில் படுத்துக்கொண்டேன். படுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஜெனரேட்டருக்கு அவ்வளவு அவசரம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு ஜீப் வந்தது. அணையின் எதிர்க்கரைக் குக்கிராமத்தில் ஒரு அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன். அந்த ஊருக்கு வரும் ஒரே ரோட்டை ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்தது. படகில் கொண்டுவந்தால், இந்தக் கரையில் ஆம்புலன்ஸ் நிற்கும், திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மேடம் முன் சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே வந்தார். நான் பின்னால். வாயைத் திறக்க நாலு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் போன் அடித்தது. இல்லை, இரண்டு முறைதான் போன் அடித்தது. மற்ற இரண்டு முறை நானேதான் வாயை மூடிக்கொண்டேன்.

படகுத்துறையில் நிற்கும்போது ஷட்டர் சத்தம் கேட்டது. மூன்று ஷட்டர் திறந்திருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் அந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. மரக்கிளைகள், வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அவசரமே இல்லாமல் ஷட்டரை நோக்கிப் போயின. ஷட்டருக்கு முன்னால் மஞ்சள் மிதவைகளைக் கயிற்றில் கோத்து எல்லை கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டினால் படகு திரும்பாது. தனசேகர் எஞ்சினைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அப்போதுதான் எனக்குச் சொல்ல முடிந்தது.

"மேடம், அன்னைக்கு டெஸ்ட்ல கடைசியா இடது முள் எறங்குச்சு. மீட்டர்னு நினைச்சு விட்டுட்டேன். எழுதல."

அவர் நோட்டைத் திறந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனையாவது நிமிஷம்?"

"ஏழு."

"எவ்வளவு எறங்குச்சு?"

"நூறு இருக்கும். அதுக்குள்ள நான் வேகத்தைக் கொறச்சுட்டேன்."

எழுதினார். மழையில் மை கலையாமல் இருக்க நோட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மணியையும் எழுதினார். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இன்னொரு படகு வரவழைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று போனில் விசாரித்தார். மூன்று மணி நேரம் என்றார்கள். எதிர்க்கரையிலிருந்து வந்த தகவல், ஈறில் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது என்பது. அவர் தனசேகரைக் கூப்பிட்டு, இடது எஞ்சின் பாதி வழியில் தளரலாம், போவதும் போகாததும் உங்கள் இஷ்டம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். தனசேகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"அங்க என் சம்சாரத்தோட சொந்தக்காரங்க இருக்காங்க மேடம். போய் வந்துட்றோம்" என்றார்.

மேடம் நோட்டில் இன்னொரு வரி எழுதினார். பிறகு என்னிடம் திரும்பினார். "தெரிஞ்சுதான் அனுப்பறேண்ணா. அதையும் எழுதிட்டேன்."

நானும் ஏறுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளம்பும் முன் கையில் இருந்த பத்து நிமிடத்தில் இடது பக்க பெட்ரோல் பில்டரை மாற்றினேன், குழாயை விரலால் நீவி எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கம்போல மூடியைத் திறந்து பெட்ரோல் அளந்தேன். மூடினேன்.

போகும்போது மிதக்கும் கட்டைகளுக்குப் பயந்து அரை வேகத்தில் போனோம். ஷட்டர் எங்களுக்கு வலது பக்கம். இடது முள் அசையவில்லை. நான் கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏழு நிமிடம் போனது, பத்து போனது, இருபது போனது. ஒன்றும் நடக்காததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அரை வேகத்தில் தெரியாத கோளாறு என்றால், முழு வேகத்தில் தெரியும்.

எதிர்க்கரையில் ஊர்க்காரர்கள் அந்த அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பெயர் கோவிந்தம்மா, நாற்பது வயதிருக்கும். வலது கால் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தது. வாயோரம் ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். கூட வந்தவர் கணவர் சின்னசாமி. கட்டிலைப் படகின் நடுவில் குறுக்காக வைத்தோம்.

தனசேகர் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினார். வேறு வழி இல்லை. இப்போது ஷட்டர் எங்களுக்கு இடது பக்கம். அவர் முடிந்த மட்டும் ஷட்டரை விட்டு ஒதுங்கி, நீண்ட வழியாகப் போனார். நான் டேங்கும் குழாயும் இருக்கிற பின்பக்க அறையின் மூடியைத் திறந்துவிட்டு அதன் மேல் குப்புறப் படுத்தேன். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயின் நடுவில், கையால் அழுத்துகிற ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறதா என்பதை அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் அது அந்த அறை மூடிக்கு அடியில் இருப்பதால், முழு வேகத்தில் ஓடும்போது யாரும் பார்ப்பதில்லை. இடது உருண்டை மேல் கையை வைத்தேன். கெட்டியாக இருந்தது. முகத்தில் மழையும் அலையும் அடித்தன. கோவிந்தம்மா முனகுவது கேட்டது.

ஐந்தாவது நிமிடம் உருண்டை கொஞ்சம் தளர்ந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்து இன்னொரு கையை வைத்தேன். ஆறாவது நிமிடம் அது உள்ளே ஒடுங்க ஆரம்பித்தது. ஏழாவது நிமிடத்தில் சத்தத்தில் ஊஞ்சலாட்டம் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. படகின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் மிதவைகள் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

தனசேகர் ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்துப் பிடித்தார். போதவில்லை. வலது எஞ்சினையும் குறைத்தால் படகு நேராகப் போகும், ஆனால் தண்ணீரின் இழுப்புக்கு எதிராக நிற்கிற பலம் போய்விடும். குறைக்காவிட்டால் பலம் இருக்கும், ஆனால் மூக்கு ஷட்டர் பக்கம் திரும்பும். இரண்டில் எது என்று யோசிக்க அவருக்கு இருந்தது சில நொடி. வலதைக் குறைத்தார். படகு நேரானது. நேராக இருந்துகொண்டே பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.

"அண்ணா, இன்னா பண்றது சொல்லு" என்றார். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். குரல் சாதாரணமாகவே இருந்தது.

என் கையில் இருந்த உருண்டை, உறிஞ்சி முடித்த ஜூஸ் டப்பா மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் இழுக்கிறது, பெட்ரோல் வரவில்லை. பில்டர் புதுசு. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, நானே அளந்தேன். அளந்தேன் என்று நினைத்த நொடியில்தான் அது புரிந்தது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் நான் மூடியைத் திறக்கிறேன். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று டேங்கில் ஒரு காற்றுக்குழாய் உண்டு. அது அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகும். பெட்ரோலை வெளியே விடாது. மெதுவாக ஓடினால் தெரியாது. வேகமாக ஓடினால் சில நிமிடத்தில் தெரியும். நான் மூடியைத் திறந்து அளக்கும்போதெல்லாம் காற்றை உள்ளே விட்டு, அந்தக் கோளாறை நானே மறைத்து வைத்திருக்கிறேன்.

தவழ்ந்துபோய் இடது டேங்க் மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தது. சட்டையைக் கழற்றி மூடியில் சுற்றி, இரண்டு கையாலும் திருகினேன். உஸ் என்று நீளமாக ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது. ஆனால் மழை கொட்டுகிறது. திறந்த வாயில் தண்ணீர் இறங்கினால் எஞ்சின் மொத்தமாகவே நின்றுவிடும். குனிந்து நெஞ்சால் மறைத்துக்கொண்டு, கட்டில் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்துவரச் சொல்லிச் சின்னசாமியைக் கூப்பிட்டேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தார்ப்பாயின் பாதியை மனைவி மேலேயே விட்டுவிட்டு, மறு பாதியை இழுத்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

பத்து நொடி இருக்கும். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. இடது எஞ்சின் ஒருமுறை இருமியது. ஊஞ்சலாட்டம் மெதுவானது, இன்னும் மெதுவானது, பிறகு நின்றது. இரண்டும் ஒரே குரலுக்கு வந்தன. தனசேகர் இரண்டு த்ராட்டிலையும் சேர்த்துத் தள்ளினார். ஒரு மிதவை எங்களுக்கு இடது பக்கம் இரண்டு ஆள் தூரத்தில் ஆடிக்கொண்டே பின்னால் போனது. கரை சேரும்வரை நானும் சின்னசாமியும் அந்த மூடிக்கு மேல் தலையோடு தலை முட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது. படகுத்துறையின் படியிலேயே உட்கார்ந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். உருண்டை, மூடி, காற்றுச் சத்தம் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் இடது காற்றுக்குழாயைக் கழற்றி ஒரு கம்பியை விட்டேன். காய்ந்த களிமண் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. அதற்குள் செத்துப்போன சிலந்திகள். படகு கொட்டகையில் சும்மா கிடந்த மாதங்களில் சிலந்திகளை இரையாக அடைத்துவைத்துக் குளவி கூடு கட்டியிருக்கிறது. ஒரு ஊசி போகிற அளவுக்குச் சந்து மிச்சம் இருந்தது. அரை வேகத்துக்கு அது போதும்.

மேடம் எழுதிய அறிக்கையில் எதுவும் விடுபடவில்லை. நான் பார்த்தும் எழுதாமல் விட்டது, தெரிந்தும் அவர் படகை அனுப்பியது, இரண்டும் இருந்தன. இருவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் தன் பங்கை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் அவருக்கு வந்திருக்காது. நான் அவர் மேஜை முன் நின்று, என்னால் உங்களுக்கும் மெமோ என்று ஆரம்பித்தேன். டெஸ்ட் ஓட்டும் முறையை மாற்ற வேண்டும், மூடியைத் திறக்காமல் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கோவிந்தம்மா பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் பாதித்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டு வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன்.

மாசி மாதம் அவர்களே பட்டறைக்கு வந்தார்கள். சின்னசாமி ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். அந்த அம்மா கட்டுப் போட்ட காலை மெதுவாக ஊன்றி நடந்து வந்தார். நீங்க இல்லன்னா இவ இல்லீங்க என்று சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை என்னால் வாங்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன். பிறகு சொன்னேன். டெஸ்டில் முள் இறங்கியதை, நான் மறைத்ததை, கிளம்பும் முன் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்ததை, எல்லாவற்றையும்.

சின்னசாமியின் கை இறங்கியது. கொண்டுவந்த பையைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் எங்கள ஏத்துனீங்களா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். கோவிந்தம்மா போகவில்லை. தன் காலைப் பார்த்தார், ஷெட்டில் தொங்கிய எஞ்சினைப் பார்த்தார்.

"ரோடு இன்னும் போடல சார். எம்பொண்ணு பத்தாவது படிக்கிறா. ஆஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்திருக்கா. வர்ற திங்கக்கெழம அந்தப் படகுலதான் திரும்பப் போவணும். இப்ப ரெண்டும் ஒண்ணா ஓடுதுங்களா?"

நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை மூடியைத் திறக்காமல் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினேன், இரண்டு முள்ளும் அசையவில்லை, உருண்டை இரண்டையும் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தன என்று பார்த்ததை மட்டும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சரி என்றார். கடலைப் பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். ஏன் என்று மேடம் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் அணைக்குப் போய், தனசேகரோடு எதிர்க்கரைக்குப் போனேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் தோளில் பையோடு கரையில் நின்றது. நான் யாரென்று அதற்குத் தெரியாது. படகில் ஏறியதும் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, காற்றில் தாள் பறக்காமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி படித்துக்கொண்டே வந்தது. நான் பின்பக்கம் உட்கார்ந்து இரண்டு எஞ்சினையும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஏழாவது நிமிடம் வந்தது. அது போன பிறகும் நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரை வந்ததும் அந்தப் பெண் புத்தகத்தை மூடி, யாரையும் பார்க்காமல் குதித்து இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க ஓடியது.